மூளைக்கு வயதாகிறதா, சினைப்பைக்கு வயதாகிறதா?

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு 47 வயது. குலசேகரம் பக்கம் நானும் என் வீட்டுக்காரரும் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறோம். ஒரு வருடமாக மாதவிலக்கு ஒழுங்கில்லை. இரண்டு மாதம் வராது; வந்தால் பத்துப் பன்னிரண்டு நாள் கட்டி கட்டியாகப் போகும். விடியற்காலை தோட்டத்தில் குளிர் அடிக்கும்போதே நெஞ்சிலிருந்து சூடு ஏறி முகமெல்லாம் கொதிக்கிறது. சட்டை நனைந்துவிடும். கத்தியை வைத்துவிட்டு மரத்தில் சாய்ந்து நிற்பேன். எந்த வரிசையை வெட்டினேன் என்பதே சில நாள் மறந்துபோகிறது. ஜனவரியில் எஃப்.எஸ்.ஹெச். பரிசோதனை 11 என்று வந்தது; ஹார்மோன் சரியாக இருக்கிறது என்றார் ஒரு டாக்டர். மார்ச்சில் 52, மாதவிடாய் நின்றுவிட்டது என்றார் இன்னொருவர். அதற்குப் பிறகும் ஒரு முறை வந்துவிட்டது. ஹீமோகுளோபின் 8.7. நர்சிங் படிக்கிற மகள், மூளைக்கு வயதாவதால்தான் எல்லாம் நிற்கிறது என்று எங்கோ படித்துவிட்டு வந்து சொல்கிறாள். என் மாமி மறதி நோய் வந்து, பெற்ற பிள்ளைகளையே தெரியாமல் போய்ச் சேர்ந்தவர். எனக்கும் மூளை கெடுகிறதா? மைனி கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்கிறாள். வீட்டுக்காரர், எல்லாம் உன் நினைப்பு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மூளை கெடவில்லை. இதை முதலில் மனதில் இருத்திக்கொண்டு மற்றதைப் படியுங்கள். மகள் சொன்னதிலும் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். மைனி சொன்னதை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். வீட்டுக்காரர் சொன்னது தவறு. ஏன் தவறு என்று அவருக்கும் வாசித்துக் காட்டும்படி எழுதுகிறேன்.

மாதவிலக்கு கர்ப்பப்பையில் நடந்தாலும் அதற்கான ஏற்பாடு தலையிலிருந்து தொடங்குகிறது. மூளையின் அடிப்பாகத்தில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி இருக்கிறது. மொத்த எடையே நான்கு கிராம் அளவுதான். அங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரம், இரண்டாயிரம் நரம்பணுக்கள் ஜி.என்.ஆர்.ஹெச். என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது அதன் கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குப் போகிறது. பிட்யூட்டரி அதைக் கேட்டு எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச். என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறது. அவை சினைப்பைக்குப் போய்க் கருமுட்டையை வளர்க்கின்றன. முட்டையைச் சுற்றி வளரும் சிறு பையான முட்டைப்பை, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரக்கிறது. அந்த ஈஸ்ட்ரோஜன் மூளைக்குத் திரும்பிப் போய், ‘போதும்’ என்றோ ‘இன்னும்’ என்றோ சொல்கிறது.

ஜி.என்.ஆர்.ஹெச். பத்தே பத்து அமினோ அமிலங்களால் ஆன சிறு பொருள். அதன் அமைப்பை 1971-ல் கண்டறிந்து சொன்னவர்கள் ஆண்ட்ரூ ஷாலியும் ரோஜர் கீயமனும். போட்டி போட்டுக்கொண்டு, பன்றிகளின் மூளையிலிருந்தும் ஆடுகளின் மூளையிலிருந்தும் வருடக்கணக்கில் துளித்துளியாகப் பிரித்தெடுத்த உழைப்புக்கு 1977-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கடுத்த வருடம் எர்ன்ஸ்ட் நோபில் என்பவரின் குழு குரங்குகளை வைத்து இன்னொன்றைக் காட்டியது. உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். மரத்தை ஒன்றுவிட்ட ஒருநாள் வெட்டினால் பால் கிடைக்கும். ஓய்வே கொடுக்காமல் வெட்டிக்கொண்டிருந்தால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும் அல்லவா? அதுபோல ஜி.என்.ஆர்.ஹெச்.சை மணிக்கு ஒரு முறை விட்டுவிட்டுக் கொடுத்தால் பிட்யூட்டரி வேலை செய்தது. இடைவிடாமல் செலுத்தியபோது வேலையை நிறுத்திவிட்டது. ஆகவே மூளை எவ்வளவு சுரக்கிறது என்பதோடு, எத்தனை மணிக்கு ஒரு முறை சுரக்கிறது என்பதும் முக்கியம். மாதச் சுழற்சியின் முதல் பாதியில் ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு துடிப்பு. கருமுட்டை வெளியான பிறகு மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒன்று.

வயது ஏறும்போது இதில் எது முதலில் தளர்கிறது என்பதுதான் உங்கள் மகளின் கேள்வி. நல்ல கேள்வி. அவள் படித்தது பெரும்பாலும் எலிகளை வைத்து நடந்த ஆய்வாக இருக்கும். எலிகளில் மூளைதான் முந்திக்கொள்கிறது. சுழற்சி நின்றுபோன கிழட்டு எலியின் சினைப்பையை எடுத்து இளம் எலிக்குள் வைத்தபோது, அந்தச் சினைப்பை மறுபடியும் வேலை செய்தது. சினைப்பை தீர்ந்துபோகவில்லை, மூளையின் கட்டளைதான் பிசகியிருந்தது என்று அதிலிருந்து தெரிந்தது. பெண்களின் கதை வேறு. நாம் தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போது அறுபது, எழுபது லட்சம் முட்டைகள் இருக்கின்றன. பிறக்கும்போது பத்து முதல் இருபது லட்சம். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம். மாதவிடாய் நிற்கும் சமயத்தில் ஆயிரம் அளவில் வந்து நிற்கும். மனுஷிக்கு முதற்காரணம் இந்த இருப்புக் குறைவதுதான்.

இந்த இருப்புக் குறையும்போது சினைப்பை சுரக்கும் இன்ஹிபின் பி என்ற ஹார்மோன் முதலில் குறைகிறது. எஃப்.எஸ்.ஹெச்.சை அடக்கி வைத்திருந்தது அதுதான். அடக்குமுறை தளர்ந்ததும் எஃப்.எஸ்.ஹெச். உயர்கிறது. அதாவது உங்கள் 52 மூளைக் கோளாறின் அடையாளம் இல்லை. சினைப்பையிலிருந்து பதில் குறைந்ததை மூளை உணர்ந்து, கட்டளையை உயர்த்தியிருக்கிறது. தன் வேலையைச் சரியாகச் செய்யும் மூளைதான் இப்படிச் செய்யும்.

அப்படியானால் ஜனவரியில் ஏன் 11? உயர்ந்த எஃப்.எஸ்.ஹெச். ஒரு மாதம் எப்படியோ ஒன்றிரண்டு முட்டைப்பைகளை உசுப்பிவிடும். அப்போது ஈஸ்ட்ரோஜன் சில பெண்களுக்கு இளவயதில் இருந்ததைவிடவும் அதிகமாகப் போகும், எஃப்.எஸ்.ஹெச். இறங்கிவிடும். அடுத்த மாதம் ஒன்றும் வளராது. ஈஸ்ட்ரோஜன் தாழும், எஃப்.எஸ்.ஹெச். ஏறும். உங்கள் இரண்டு டாக்டர்களும் அன்றைய தாளில் இருந்ததைத்தான் பார்த்தார்கள். தாள் இரண்டுமே சரி. ஆனால் 45 வயதைத் தாண்டிய ஒருவருக்கு மாதவிலக்கு இப்படிப் பிசகி, உடலும் கொதிக்கிறது என்றால், நிலையைச் சொல்ல எஃப்.எஸ்.ஹெச். பரிசோதனை தேவையே இல்லை. ஒருதடவைக் கணக்கை வைத்து ‘நின்றுவிட்டது’ என்று தீர்ப்புச் சொல்லவும் முடியாது. தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வராமல் இருந்தால்தான் நின்றது என்று பெயர். நம் நாட்டுப் பெண்களுக்கு அது சராசரியாக 46, 47 வயதில் நடக்கிறது, மேலைநாடுகளில் 51. உங்களுக்கு வயதுக்கு முந்தி எதுவும் நடந்துவிடவில்லை. இனி எஃப்.எஸ்.ஹெச்.சுக்காகப் பணம் செலவழிக்காதீர்கள்.

இனி மூளையின் பங்குக்கு வருகிறேன். ஏனென்றால் உங்கள் ரத்தப்போக்குக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கக்கூடும். இளவயதில், முட்டை முற்றியதும் ஈஸ்ட்ரோஜன் இரண்டு நாள் போல உயர்ந்தே நிற்கும். அதைக் கண்டு மூளையும் பிட்யூட்டரியும் எல்.ஹெச்.சை ஒரே மூச்சில் கொட்டும். முட்டைப்பை வெடித்து முட்டை வெளியேறும். மாதவிடாய் நிற்கப்போகும் வருடங்களில் சில பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் தேவையான அளவுக்கு உயர்ந்தும் அந்த எல்.ஹெச். எழுச்சி வருவதில்லை. வயதால் மூளையின் பதில் மந்தமாவது இங்கே தெரிகிறது. முட்டை வெளியேறாவிட்டால் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு சினைப்பை ஹார்மோன் சுரக்காது. புரோஜெஸ்டிரோன் இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் வாரக்கணக்கில் வேலை செய்தால் கர்ப்பப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போகும். பிறகு ஒருநாள் தாங்க முடியாமல் சரியும். இரண்டு மாதம் வராமல் இருந்து, வந்தால் பன்னிரண்டு நாள் கட்டி கட்டியாகப் போவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

‘பெரும்பாலும்’ என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது எஃப்.எஸ்.ஹெச். இல்லை. 8.7 என்ற ஹீமோகுளோபினும் அந்தப் பன்னிரண்டு நாள் போக்கும்தான். நீங்கள் அதை ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். பெண்கள் நாம் ரத்தப்போக்கைச் சொல்வதில் மட்டும் இவ்வளவு சிக்கனம் காட்டுகிறோம். 45 வயதுக்கு மேல் இப்படிப் போகும்போது உட்சவ்விலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பது அவசியம். மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி எடுப்பார்கள். சில நிமிட வேலை. மாதவிடாய் வலிபோல இழுத்துப் பிடிக்கும், அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். உட்சவ்வு வெறுமனே தடித்திருக்கிறதா, அல்லது புற்றுநோய்க்கு முந்திய மாற்றம் ஏதும் உண்டா என்று அதில்தான் தெரியும். கூடவே ஸ்கேன் எடுத்துக் கட்டி உண்டா என்று பார்ப்பார்கள். இவ்வளவும் பார்க்காமல் கர்ப்பப்பையை எடுக்கப் போவதும் தவறு, பார்க்காமல் சும்மா இருப்பதும் தவறு.

மைனியின் யோசனை பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். உடல் கொதிப்பதற்குக் கர்ப்பப்பையை எடுப்பதால் எந்தப் பயனும் இல்லை. கொதிப்பு அங்கிருந்து வரவில்லை. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால், வருடக்கணக்கில் இறங்கவேண்டிய ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் விழும். இப்போது படும் அவதி பன்மடங்காகும், எலும்பும் வேகமாகத் தேயும். பெரிய கட்டி, மருந்துக்கு அடங்காத போக்கு, பரிசோதனையில் கெட்ட மாற்றம் என்று தகுந்த காரணம் இருந்தால் அறுவை சிகிச்சை உயிர்காக்கும் வழி. அப்போது நானே எடுக்கச் சொல்வேன். ‘பிள்ளை பெற்று முடித்தாயிற்று, இனி அது எதற்கு?’ என்பது காரணமே இல்லை. இந்த மாவட்டத்தில் எத்தனையோ பெண்கள் இந்த ஒரு வாக்கியத்தை நம்பி மேசையில் படுத்திருக்கிறார்கள். எனக்கு அதில் ஆறாத வருத்தம் உண்டு.

இப்போது வீட்டுக்காரருக்கு. அரிசோனாவில் நோயியல் மருத்துவராக இருந்த நவோமி ரான்ஸ், 1990-ஐ ஒட்டிய வருடங்களில், இறந்த பெண்களின் மூளைகளை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். மாதவிடாய் நின்ற பெண்களின் ஹைப்போதலாமஸில் ஒரு குறிப்பிட்ட வகை நரம்பணுக்கள், இளம் பெண்களுக்கு இருப்பதைவிடப் பருத்துப் போயிருந்தன. ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்திருந்த அணுக்கள் அவை. அது குறைந்ததும் மிதமிஞ்சி வேலை செய்து பருத்துவிட்டன. கிஸ்பெப்டின், நியூரோகைனின் பி, டைனார்ஃபின் என்ற மூன்று பொருள்களை அவை சுரக்கின்றன. முதல் இரண்டும் ஜி.என்.ஆர்.ஹெச். துடிப்பை முடுக்குபவை, மூன்றாவது அடக்குவது. அதே அணுக்களின் கிளைகள் பக்கத்திலேயே உடலின் வெப்பத்தைக் கண்காணிக்கும் இடத்துக்கும் போகின்றன. அதனால்தான் நியூரோகைனின் பி பொங்கும்போது அந்த இடம் ஏமாறுகிறது. உடம்பு சூடாகிவிட்டது என்று தவறாகக் கணித்து, தோலின் ரத்தக் குழாய்களைத் திறந்துவிட்டு, வியர்வையையும் கொட்ட வைக்கிறது. ரப்பர் தோட்டத்துக் குளிரில் நீங்கள் வேர்த்து நிற்பது இப்படித்தான். கொதிப்பு வரும் நேரத்தில் விரல் நுனித் தோலின் வெப்பம் கூடுவதையும், இதயத் துடிப்பு ஏறுவதையும், ரத்தத்தில் எல்.ஹெச். துடிப்பு எழுவதையும் அளந்து பதிவு செய்திருக்கிறார்கள். நினைப்பாக இருந்தால் கருவியில் பதிவாகாது.

இந்த அறிவை வைத்தே ஹார்மோன் அல்லாத ஒரு மருந்தை உருவாக்கி, 2023 மே மாதம் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். ஃபெசோலினெட்டன்ட் என்று பெயர். நியூரோகைனின் பி போய் ஒட்டும் இடத்தை அடைத்துவிடுவதுதான் அதன் வேலை. கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே கொடுக்கவேண்டியது. அதைத் தேடி மருந்துக்கடைக்குப் போகச் சொல்லவில்லை. இந்தக் கொதிப்பு மூளையின் எந்த இடத்தில் பிறக்கிறது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

மூளையின் இந்தப் பகுதிக்குத் தனியாக வயதாவது உண்டா? உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு அது நன்றாகத் தெரிகிறது. அப்போது சினைப்பையின் குறுக்கீடு இல்லை. மூளையின் துடிப்பு மட்டும் தனித்து நிற்கும். ஐம்பதுகளில் இருக்கும் பெண்களையும் எழுபதுகளில் இருப்பவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மூத்தவர்களிடம் ஜி.என்.ஆர்.ஹெச். துடிப்பின் வேகம் குறைந்திருந்தது, எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச். இரண்டும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தாழ்ந்திருந்தன. ஆனாலும் இளவயது அளவைவிட மிக அதிகமாகவே இருந்தன. இது மெல்ல நடக்கும் இயல்பான தளர்ச்சி. இதற்கும் மறதி நோய்க்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

மறதி பற்றிய உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. மாமியைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர் நீங்கள்தான் என்று நினைக்கிறேன். பார்த்தவர்களுக்குத்தான் இந்தப் பயம் வரும். மாதவிடாய் நிற்கப்போகும் வருடங்களில் பெயர் மறப்பது, சொல்ல வந்தது நாக்கில் நிற்பது, புதிதாகக் கேட்டது பதியாமல் போவது எல்லாம் சகஜம். பெண்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வில், அந்தக் கட்டம் கடந்ததும் கற்றுக்கொள்ளும் திறன் பழையபடி திரும்பியது. உங்களுக்கு மேலும் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. இரவில் வேர்த்து எழுந்து, விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறீர்கள். தூக்கம் எங்கே இருக்கிறது? 8.7 ஹீமோகுளோபினோடு மேடு ஏறி இறங்கும் யாருக்கும் தலை மந்தமாகத்தான் இருக்கும். தைராய்டு குறைந்தாலும் மாதவிலக்குப் பிசகும், மறதி வரும்; டி.எஸ்.ஹெச். பரிசோதனை ஒன்று எடுத்துவிடுங்கள். மாமி உங்களுக்குச் சொந்த அத்தை இல்லையென்றால் அவருடைய நோய்க்கும் உங்கள் ரத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. சொந்த அத்தையாகவே இருந்தாலும், முதிர்ந்த வயதில் வந்த நோய் அப்படியே இறங்கி வரும் என்று எண்ண வேண்டாம். வெட்டிய வரிசை மறப்பது வேறு. வருடக்கணக்காக நடந்த தோட்டத்தில் வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பதும், கத்தியை எப்படிப் பிடிப்பது என்றே தடுமாறுவதும் வேறு. இரண்டாவது வகை வந்தால் தாமதிக்காமல் காட்டவேண்டும்.

சிகிச்சையில் முதலில் ரத்தம். இரும்புச்சத்து மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். தோட்டத்திலிருந்து வந்ததும் கட்டன் சாயா குடிக்கும் பழக்கம் உங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. சாயாவோடு மாத்திரையை விழுங்கினால் பாதிச் சத்துக்கூட உடம்பில் சேராது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சை நீரோடு எடுத்தால் நன்றாகச் சேரும். போக்கைக் குறைக்க அந்த நாள்களில் மட்டும் எடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் உண்டு. புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை உண்டு. கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமும் உண்டு. உட்சவ்வு பரிசோதனை முடிவைப் பார்த்து எது என்று மருத்துவர் சொல்வார்.

கொதிப்புக்கு மிகச் சிறந்த மருந்து ஈஸ்ட்ரோஜன்தான். கர்ப்பப்பை இருப்பவர்களுக்கு அதைத் தனியாகத் தரவே கூடாது. புரோஜெஸ்டிரோன் சேர்த்தே தரவேண்டும், இல்லாவிட்டால் உட்சவ்வு தடிக்கும். 2002-ல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வுக்குப் பிறகு இந்தச் சிகிச்சை என்றாலே புற்றுநோய் என்ற பயம் பரவிவிட்டது. அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63. அறுபதுக்குள், மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்குபவர்களுக்கு நன்மையே மிகுதி என்பது இன்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட கருத்து. மார்புப் புற்றுநோய், காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு, கடுமையான கல்லீரல் நோய் வந்தவர்களுக்கு இது ஆகாது. உங்களுக்கு அப்படி ஏதும் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஹார்மோன் அல்லாத மாத்திரைகளும் இருக்கின்றன. போக்குக்குக் காரணம் தெரியும்வரை இதைத் தொடங்கக்கூடாது என்பதால்தான் பரிசோதனையை முதலில் வைத்தேன்.

உளுந்தங்களி சாப்பிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் யாராவது சொல்வார்கள். தாராளமாகச் சாப்பிடுங்கள், நல்ல உணவு. அதற்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். கடைசி மாதவிலக்கை ஒட்டிய ஐந்தாறு வருடங்களில் எலும்பின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு போல இழக்க நேரிடும் என்பதால், முள்ளோடு மென்று தின்னும் நெத்தோலி, கேழ்வரகு, பால் மூன்றையும் மரச்சீனியைவிட அதிகமாகத் தட்டில் சேருங்கள். இன்னொன்று: குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்யாதவராக இருந்தால், ஐம்பது வயதுக்குள் மாதவிடாய் நின்றால்கூட அதன்பிறகு இரண்டு வருடம் கருத்தரிக்கும் வாய்ப்பு உண்டு. கவனமாக இருங்கள்.

தக்கலையில் உள்ள அரசு மருத்துவமனைக்கோ ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, மழை பெய்து பால்வெட்டு இல்லாத முதல் நாளிலேயே போய்விடுங்கள். அடுத்த மாதவிலக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டு ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் எடுத்துச் செல்லுங்கள். இந்த ஒரு வருடத்தில் எந்தத் தேதியில் வந்தது, எத்தனை நாள் போனது, நாளுக்கு எத்தனை துணி மாற்றினீர்கள் என்பதை நினைவுள்ளவரை ஒரு காகிதத்தில் மகளை எழுதித் தரச் சொல்லுங்கள். வரிசையில் நின்று உள்ளே போனதும், சூடு ஏறுவதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். முதலில் ‘பன்னிரண்டு நாள் போகிறது, ரத்தம் 8.7’ என்று சொல்லுங்கள். அதற்கிடையில் ஒரு மணி நேரத்துக்குள் துணி முழுதும் நனைந்து, அப்படியே இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்தாலோ, எழுந்தால் கண் இருட்டினாலோ, மழையும் பார்க்க வேண்டாம், வேலையும் பார்க்க வேண்டாம். அன்றே வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு போய்விடுங்கள்.